கைரேகை பதியாத போன், தண்ணீர் இல்லை என்று நிற்கும் வாஷிங் மெஷின்: உங்கள் வீட்டில் எப்படி?

கல்குளத்துக்காரி (கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கம்)
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினேன். பழைய பட்டன் போனின் பேட்டரி ஊதி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சரி, இனி தொடுதிரைப் போனே இருக்கட்டும் என்று கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பையன் அம்மாவின் வலது கட்டைவிரலைப் போனில் பத்துப் பதினைந்து தடவை வைக்கச் சொன்னான். பதியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதுவும் பதியவில்லை. "கையில அழுக்கு இருக்கும்மா, தொடச்சிட்டு வைங்க" என்றான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்து மறுபடியும் வைத்தாள். அப்போது அவள் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அது அழுக்கு இல்லை. அம்மா கருங்கல் பக்கம் ஓர் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) 31 வருடம் அண்டி உடைத்தவள். கொல்லாங்கொட்டைத் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. தோலில் பட்டால் பொத்துப்போகும், கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அத்தனை வருடம் உடைத்த கையில் விரல்நுனிக் கோடு எங்கே மிஞ்சும்? ரேஷன் கடை மெஷினிலும் இதே பாடுதான், அங்கே இப்போது கண்ணைக் காட்டி அரிசி வாங்குகிறாள்.

சரி, விரல் வேண்டாம், பேசினால் கூப்பிடும் வசதி இருக்கிறதே என்று அதைப் பழக்கினேன். அம்மா போனைப் பார்த்து "எனக்க மவளெ விளி" என்கிறாள். அதற்குப் புரியவில்லை. 'விளி' என்றால் கூப்பிடு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "என் மகளை அழை" என்று சொல்லச் சொன்னேன். நான்கைந்து தடவை சொன்னாள். அப்புறம் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இதோடு வாஷிங் மெஷின் கதை வேறு. மாடியில் ஷீட் போட்ட இடத்தில் வைத்திருக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மெஷினோ தண்ணீர் இல்லை என்று எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து, பார்த்ததற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தச் சாமான்களை வேறு யாருடைய வீட்டையோ மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவின் கை, பேச்சு, எங்கள் தண்ணீர், கரண்டு எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. உங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

குளச்சல் காற்று
ஞாயிறு, இரவு 9.46

அக்கா, உங்கள் கணக்கில் எங்கள் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கடல் தெரியும். இங்கே எந்தச் சாமானுக்கும் ஆயுசு பாதிதான். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே துரு பிடித்து, இரண்டாம் வருடமே தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தால், துருப்பிடித்தால் பொறுப்பில்லை என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கடலோரத்தில் இருக்கிற கடையிலேயே விற்கிறார்கள், வாங்கும்போது ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

ஏசியின் வெளிப்பெட்டியிலும் இதுதான். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் சீக்கிரம் அரிக்கும். எங்கள் வீட்டில் தகடு வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. அடுத்தது வாங்கும்போது தகட்டின் மேல் நீலப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். மாதம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி விடுகிறேன். நான்காவது வருடம் ஓடுகிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, தகடு மடங்கிவிடும்.

போன் சார்ஜ் ஏறும் துளையில் பச்சை படிகிறது. எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் போனில் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்து, நாள் முழுக்கச் சார்ஜ் ஏறாது. எங்கள் ஊரில் என்றைக்கு ஈரம் இல்லாமல் இருந்தது?

வடசேரிக்காரன்
ஞாயிறு, இரவு 9.58

எங்கள் வீட்டு டிவி மூன்று வருடம் ஆனது. படம் நன்றாக இருக்கிறது, சத்தம் நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கிற செயலிகள் மட்டும் ஒவ்வொன்றாக "இந்த டிவியில் இனி இயங்காது" என்கின்றன. நல்ல டிவியைத் தூக்கிப் போடவா?

பேச்சிப்பாறை ரப்பர்
ஞாயிறு, இரவு 10.20

வடசேரி அண்ணா, தூக்கிப் போடாதீர்கள். டிவிக்குப் பின்னால் சொருகுகிற ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் எல்லாம் பார்க்கலாம். நாளைக்குப் பழசானாலும் மாற்ற வேண்டியது பெட்டியை மட்டும்தான்.

அக்கா சொன்ன விரல் விஷயம் எங்கள் பக்கமும் உண்டு. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குப் போவார். பாலும் ஆசிடும் பட்டுப் பட்டு அவர் விரலும் போன் திறக்காது.

எங்களுக்குப் பெரிய தொல்லை இடி. மலையடிவாரத்தில் இருக்கிறோம். சித்திரையில் கோடை மழைக்கு ஒரு சுற்று, ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் தினமும் ஒரு சுற்று. இரண்டு ஐப்பசியில் மூன்று ரௌட்டர் போய்விட்டது. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது என்று இணைப்புக் கொடுக்க வந்தவர் சொன்னார். பிறகு எப்படிக் கருகியது? தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்தால் சிவப்பு லைட் எரியும், அது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. திறந்தால் கருகிய வாடை.

திங்கள்சந்தை மெக்கானிக்
திங்கள், காலை 6.35

கடை திறக்கும் முன் எழுதிவிடுகிறேன். 22 வருடமாக மிக்ஸியில் இருந்து வாஷிங் மெஷின் வரை பழுது பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை தம்பி, உங்களுக்குச் சொன்னது பாதி சரி. கண்ணாடி இழையில் மின்னல் வராது. ஆனால் கம்பத்தில் இருந்து வீட்டுக்கு இழுக்கிற கேபிளோடு, இழுவை தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பியும் வரும். அதை வீட்டுக்கு வெளியே நறுக்கி நிறுத்த வேண்டும். பல இடத்தில் ரௌட்டர் வரைக்கும் உள்ளே கொண்டுவந்து விடுகிறார்கள். இரண்டாவது வழி கரண்டு லைன். ரௌட்டரின் அடாப்டர் வழியாகத்தான் நிறைய வருகிறது. சுவிட்சை அணைத்தேனே என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுச் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொடர்பில் இருக்கும். போதாததற்கு, அவ்வளவு பெரிய மின்னழுத்தத்துக்குச் சுவிட்சுக்குள் இருக்கிற இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, தாண்டிவிடும். ஆகவே பிளக்கைப் பிடுங்குங்கள். அதையும் மேகம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் வெட்டும்போது போய்ப் பிளக்கைத் தொடாதீர்கள். சாமானைவிட ஆள் முக்கியம்.

சர்ஜ் பாதுகாப்பு (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தாங்குவது) என்று விற்கிற பிளக் பலகைகள் உதவும். ஆனால் அதற்குள் இருக்கிற பாகம் ஒவ்வொரு அடியையும் வாங்கி வாங்கித் தேய்ந்துபோகும். ஐந்து வருடத்துக்கு முன் வாங்கியதை நம்பி இருக்காதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அது சும்மா ஒரு பிளக் பலகைதான். எர்த் குழியைக் கோடையில் ஒரு தடவை பார்த்து, மண் காயாமல் வைத்திருங்கள்.

கல்குளத்து அக்கா, உங்கள் வாஷிங் மெஷினுக்கு நோய் இல்லை. தானியங்கி மெஷினின் தண்ணீர் வால்வு திறக்க ஓர் அழுத்தம் வேண்டும், பெரும்பாலும் 0.3 பார் அளவாவது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். அப்படியானால் 0.3 பாருக்கு, குழாய்க்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். உங்கள் டாங்க் அதே மாடியில் ஒரு திட்டின் மேல் இருக்கும், குழாய்க்கும் டாங்குக்கும் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். வாளியில் பிடித்தால் தண்ணீர் வரும், மெஷினுக்குப் போதாது. மெஷினைக் கீழே இறக்கிக் கீழ்த்தளக் குழாயில் கொடுங்கள், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வையுங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தைக் கழற்றினால் உள்ளே சின்னச் சல்லடை இருக்கும். கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் மண்ணும் இரும்புக் கறையும் அடைத்திருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் போடுங்கள்.

இனி அம்மாவின் விரல். போனில் இரண்டு வகை சென்சார் அதிகம் வருகிறது. திரைக்குள் இருப்பது வெளிச்சம் அடித்து விரலைப் படம் எடுக்கும். பக்கத்துப் பட்டனில் இருப்பது விரலின் மேடு பள்ளத்தை மின்சாரத்தால் உணரும். இரண்டுக்கும் கோடு வேண்டும். அண்டி உடைக்கிறவர்கள் இடது கையில் கொட்டையைப் பிடித்து, வலது கையால் கட்டையைப் போடுவார்கள். பருப்பை எடுக்கும்போது இரண்டு கையின் முன்விரல்களும் எண்ணெயில் படும். வலது சுண்டுவிரல் கட்டையின் பிடியில்தான் இருக்கும், அதிகம் அடிபட்டிருக்காது. அதை வைத்துப் பாருங்கள். ஒரே விரலை இரண்டு தடவை பதியுங்கள், காலையில் காய்ந்த கையோடு ஒன்று, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த கையோடு ஒன்று. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் பதிந்தது.

கோட்டாறு மென்பொருள்
திங்கள், மதியம் 1.15

எல்லோரும் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். கருவியின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. நிறையப் போன்களில் எளிய முகப்பு என்ற அமைப்பு உண்டு. எழுத்து பெரிதாகும், தேவையில்லாதவை மறையும், வேண்டியவர்களின் படத்தை முகப்பிலேயே வைத்துத் தொட்டால் கூப்பிடும்படி செய்யலாம். பேசிக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. விற்கிறவர்கள் இதைக் காட்டுவதில்லை, வாங்குகிற நாமும் கேட்பதில்லை. என் அப்பாவுக்கு 72 வயது. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், இப்போது கோட்டாறு சந்தையில் மீன் தவிர எல்லாவற்றுக்கும் போனில்தான் பணம் கொடுக்கிறார். மீன்காரப் பாட்டி கையில் காசு கேட்பதால் அங்கே மட்டும் காசு. நாம் பெரியவர்களுக்கு நேரம் கொடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

கல்குளத்துக்காரி
திங்கள், இரவு 8.50

தம்பி, படத்தைத் தொட்டால் கூப்பிடும் அமைப்பு எனக்குத் தெரியாது. நன்றி, இன்றே செய்கிறேன்.

ஆனால் நேரம் கொடுக்கவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். மகனின் பள்ளிக்கூடச் செய்தி ஒரு செயலியில், கேஸ் பதிவு ஒன்றில், கரண்டு பில் வேறொன்றில், அம்மாவின் பென்ஷன் கணக்கு இன்னொன்றில். ஒவ்வொன்றும் கடவுச்சொல் கேட்கிறது, ஒவ்வொன்றும் மாதம் ஒரு தடவை முகத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பட்டன் அடுத்த வாரம் வேறு மூலைக்குப் போய்விடுகிறது. அவள் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆட்டுக்கல்லின் குழவி ஒரு நாளும் இடம் மாறியதில்லை. அவள் கற்றுக்கொள்ளாதவள் இல்லை. 300 பருப்பில் உடைந்த ஒன்றைக் கண்ணாலே பிரித்து எடுத்தவள்.

பயமும் இருக்கிறது. எங்கேயாவது தொட்டால் பணம் போய்விடும் என்று பயப்படுகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு அக்காவுக்கு அப்படிப் போனது. அவர் மகன் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்துச் சொன்னதால் கொஞ்சம் பணத்தைத் தடுத்து நிறுத்த முடிந்தது. அந்த எண்ணை அம்மாவின் போன் உறைக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கோட்டாறு மென்பொருள்
திங்கள், இரவு 9.20

பட்டன் இடம் மாறுவது பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அக்கா. நானே அந்தத் துறையில் இருப்பவன். புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாற்றுகிறார்கள். பழகிய கைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. இனி நான் பேசுவேன். செயலிகள் தானாக மாறிக்கொள்வதை நிறுத்த அமைப்பில் வழி உண்டு. வங்கிச் செயலியையும் போனின் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் மட்டும் நிறுத்த வேண்டாம்.

மஸ்கட்டில் இருந்து ஒரு குமரிக்காரன்
திங்கள், இரவு 11.05

ஊர் அருமனை. அம்மா தனியாக இருக்கிறாள். டிவி ரிமோட் என்பது எங்களுக்கு ஒன்றரை மணி நேர வேதனை. அம்மா ஒரு பட்டனை மாற்றி அமுக்கிவிடுவாள், திரை கறுத்துவிடும், எங்கிருந்து சிக்னல் வருகிறது என்ற பக்கத்துக்குப் போய்விடும். வீடியோ காலில் "அம்மா, போனை டிவிக்கு நேராகக் காட்டு" என்பேன். அவள் தன் முகத்தைக் காட்டுவாள். இப்படியே நேரம் போகும். வேலை முடிந்து வந்த அலுப்பில் சில நாள் குரலை உயர்த்தியிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன், அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காயத்துக்கு ஒட்டுகிற துணி பிளாஸ்டரை ரிமோட் முழுக்க ஒட்டி, நான்கு பட்டனுக்கு மட்டும் கத்தரியால் துளை போட்டிருக்கிறாள். திறக்க, சத்தம் கூட்ட, குறைக்க, சேனல் மாற்ற. அதற்குப் பிறகு ரிமோட்டுக்காக ஒரு போன்கூட வரவில்லை. 43 பட்டனில் நான்கு. செய்தவர்கள் யாராவது ஒரு நாள் எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த நான்கைத் தனி நிறத்திலாவது வைத்திருப்பார்கள்.

குளச்சல் காற்று
செவ்வாய், காலை 7.10

மஸ்கட் அண்ணா, உங்கள் அம்மாவின் கைவேலையை என் பாட்டிக்கும் செய்யப்போகிறேன். பாட்டியால் இப்போது கோயிலுக்கு நடக்க முடியாது. ஞாயிறு திருப்பலியை டிவியில் நேரலையாகத்தான் பார்க்கிறாள். நடுப்பூசையில், மணி அடிக்கிற நேரத்தில், ஒரு விளம்பரம் வந்து விழுகிறது. பாட்டி முழந்தாளில் இருக்கிறாள், திரையில் சோப்பு. நான் ஓடிப்போய் ரிமோட்டைத் தேட வேண்டும். பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு தானே ஜெபத்தைச் சொல்லி முடிப்பாள்.

கோட்டாறு அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் கரையில் கரண்டு போனது, போன் போனது. எங்கள் ஆட்கள் கடலில். செய்தி கேட்க மிஞ்சியது பாட்டாவின் (தாத்தாவின்) பழைய டிரான்சிஸ்டர் மட்டும்தான், நான்கு பேட்டரி போட்டது. வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். போனில் ரேடியோ கேட்க ஹெட்போன் வயரைச் சொருக வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. இப்போது வருகிற பல போன்களில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள், ரேடியோவும் இல்லை. எடுக்க முடிவு செய்தவர்களின் வீட்டுக்கு எந்தப் புயலும் வந்திருக்காது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்த டிரான்சிஸ்டரை அரிசிப் பானைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறேன், உள்ளேயே விட்டால் கசிந்து அரித்துவிடும்.

தோவாளை வாத்தியார்
செவ்வாய், மாலை 5.30

பணி ஓய்வு பெற்றவன். எல்லாப் பதிவுகளையும் பொறுமையாகப் படித்தேன். இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். எங்கள் தெருவுக்கு விற்பனைக்கு வந்த ஒருவர் இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர் மெஷினின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கிக் கரண்டைச் செலுத்தினார். எங்கள் தண்ணீர் செங்கல் நிறத்தில் கலங்கிப்போனது, அவருடையது தெளிவாக நின்றது. பெண்கள் எல்லோரும் பயந்துவிட்டார்கள், மூன்று வீட்டில் அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்கள். நான் அறிவியல் பாடம் நடத்தியவன் என்பதால் சொன்னேன். நிறம் தண்ணீரில் இருந்து வரவில்லை, கம்பியில் இருக்கிற இரும்பு கரைந்து வருகிறது. உப்புள்ள தண்ணீரில் கரண்டு பாயும், இரும்பு கரையும். மெஷின் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டதால் கரண்டு பாயாது, இரும்பு கரையாது. கரண்டு பாய்ந்தது என்பதைத் தவிர அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது.

குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் கிணற்றில் அளந்தபோது 140. இதற்கு உப்பை நீக்கும் மெஷின் எதற்கு? ஒரு பங்கு குடிக்கத் தந்துவிட்டு அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிற மெஷின் அது. கிருமிக்கு, கொதிக்க வைத்து ஆறவிட்டால் போதும். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் கரிக்கும், அவர்களுக்கு மெஷின் தேவைதான். முதலில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, குளச்சல் பதிவில் வந்த ஃப்ரிட்ஜ். கடையில் சொல்லாமல் விட்டதையும் பொடி எழுத்தையும் அப்படியே விட வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குக் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. நமக்கு நாகர்கோவிலில் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். பில் வேண்டும். இப்போதைய பில்கள் ஒரு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

வடசேரிக்காரன்
செவ்வாய், மாலை 6.02

சார், பில் விஷயம் சொன்னதும் போய்ப் பார்த்தேன். டிவி பில் வெறும் வெள்ளைத் தாள். இனி எல்லாவற்றையும் போட்டோ எடுக்கிறேன்.

திங்கள்சந்தை மெக்கானிக்
செவ்வாய், இரவு 9.40

வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தக் கம்பிச் சோதனையை என் கடைக்கு முன்னாலும் செய்தார்கள்.

என் மனதில் ரொம்ப நாளாக இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் மிக்ஸி படுகிற பாடு வேறு ஊரில் படாது. காலையில் சம்மந்திக்கு (சட்னிக்கு) தேங்காய், மதியம் மீன்கறிக்குத் தேங்காய், அவியலுக்குத் தேங்காய். ஆனாலும் என் கடைக்கு வருகிற மிக்ஸிகளில் 15 வருடம், 18 வருடம் ஆனவை இருக்கின்றன. கார்பன் தேய்ந்தால் மாற்றலாம், கப்ளர் உடைந்தால் மாற்றலாம், பிளேடு புஷ் போனால் மாற்றலாம். எல்லாம் திருகாணியைக் கழற்றினால் கைக்கு வரும். அந்த மிக்ஸியைச் செய்தவருக்கு, ஒரு நாள் இதை இன்னொருவன் திறப்பான் என்ற நினைப்பு இருந்திருக்கிறது.

இப்போது வருகிறவற்றில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். போர்டில் ஒரு சின்னப் பாகம் போனால் முழுப் போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள், சாமான் விலையில் பாதி. போர்டுக்குள் ஒரு பல்லி போய் ஒட்டிக்கொண்டால் போதும், சுட்டுவிடும். எறும்பும் அப்படித்தான். நம் ஊரில் பல்லி இல்லாத வீடு எது? காற்றுத் துளைக்கு மெல்லிய வலை போட்டிருந்தால் தீர்ந்த விஷயம். வீட்டுக்காரம்மா அழாத குறையாக நிற்கும்போது, முழுதாக மாற்றணும் என்று சொல்ல என் வாய் வருவதில்லை.

இன்னொன்று. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டால் உடனே கடைக்குத் தூக்கி வராதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது வெளியே தள்ளிக்கொள்ளும். பத்து நிமிடம் சூடு ஆறவிட்டு அதை அமுக்கினால் ஓடும். இதற்காகவே குலசேகரத்தில் இருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. நான் காசு வாங்குவதில்லை. பஸ்சுக்கும் அரை நாள் கூலிக்கும் அவர்களுக்கு ஆன நஷ்டம்தான் கஷ்டமாக இருக்கும்.

பேச்சிப்பாறை ரப்பர்
புதன், இரவு 7.30

மெக்கானிக் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது போலவே இருந்தது. இரும்புக் கம்பி ஜன்னல் வழியாக ரௌட்டர் பக்கம் வரை வந்து, அலமாரியின் ஆணியில் கட்டியிருந்தது. இணைப்புக்காரரைக் கூப்பிட்டு வெளிச்சுவரிலேயே நிறுத்தச் சொன்னேன். நேற்றும் இன்றும் இடி. மேகம் கறுத்ததும் அம்மா எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டாள். தப்பித்தது.

கல்குளத்துக்காரி
வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வாஷிங் மெஷின்: சல்லடையைக் கழற்றினேன். ஒரு ஸ்பூன் செம்மண் வந்தது. கழுவிப் போட்ட பிறகும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை நிற்கிறது, ஆகவே உயரம்தான் காரணம். டேப் வைத்து அளந்தோம், டாங்கின் அடிக்கும் குழாய்க்கும் 90 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அத்தானும் சேர்ந்து மெஷினைக் கீழே இறக்குகிறார்கள். வந்த கம்பெனி ஆள் இரண்டு தடவையும் டாங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன்: முகப்பில் நான்கு படம் வைத்தேன். நான், தம்பி, மைனி, அம்மாவோடு அண்டியாபீஸில் வேலை பார்த்த அவள் கூட்டுக்காரி. முதல் மூன்றும் நான் தேர்ந்தது, நான்காவதை அம்மா கேட்டு வைத்துக்கொண்டாள். இப்போது அதிகம் தொடுவது அதைத்தான். இரண்டு பேரும் மத்தியானம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். 'விளி' இன்னும் அந்தப் போனுக்குப் புரியவில்லை. புரிகிற வரைக்கும் நான் அந்தப் பேச்சு வசதியின் கருத்துப்பெட்டியில் எழுதிக்கொண்டே இருப்பேன், மூன்று தடவை எழுதிவிட்டேன்.

விரல்: வலது சுண்டுவிரல், காலையில் ஒரு தடவை, எண்ணெய்க் கையோடு ஒரு தடவை. பதிந்தது. நான்கு நாளாகத் திறக்கிறது. புதன்கிழமை மட்டும் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோல் சீவிவிட்டு வந்து வைத்தபோது திறக்கவில்லை, கடவு எண்ணைப் போட்டுத் திறந்தாள். இன்று சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் கடைக்கு ஒருக்கா போணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பய கிட்ட சுண்டுவெரலுக்க காரியத்தச் சொல்லணும். எங்க ஆபீஸ்காரிய எத்தன பேரு அங்க போன் வாங்கப் போவா" என்றாள். நாளைக்குக் கூட்டிப்போகிறேன்.